ரீஜனல் கவுன்சில் எதற்கு, பேருந்து விடவா?

கேள்வி | 26 நவம்பர் 2025

நியூசிலாந்தில் ரீஜனல் கவுன்சில்களை மூடப்போகிறார்களாம், நேற்றைய செய்தி. எனக்கு இது நல்ல முடிவாகத்தான் படுகிறது. நகரக் கவுன்சில் குப்பை அள்ளுகிறது, குடிநீர் தருகிறது, நூலகம் நடத்துகிறது. அதற்கு மேல் இன்னொரு கவுன்சில், அதற்கு ஒரு வரி. பத்து வருடமாக இங்கே இருக்கிறேன். பேருந்து விடுவதைத் தவிர இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

26 நவம்பர், இரவு

தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறேன். மூன்று வருடம் ஒரு ரீஜனல் கவுன்சிலுக்கு ஒப்பந்தத்தில் ஆற்று நீர் மாதிரி எடுத்தேன். எந்தக் கவுன்சில் என்று சொல்லப் போவதில்லை. நாட்டில் மொத்தமே பதினொன்றுதான், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அம்மாவிடம் தமிழில் போன் பேசியவள் அத்தனையிலும் ஒருத்திதான் இருப்பாள்.

நகர, மாவட்டக் கவுன்சில்களுக்குக் குழாய்க்குள் ஓடும் தண்ணீர். குழாய்க்கு வெளியே இருக்கிற தண்ணீர் எல்லாம் ரீஜனல் கவுன்சில் கணக்கு: ஆறு, ஏரி, நிலத்தடி நீர், கடலோரத்திலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை. அப்புறம் காற்று, மண், வெள்ளக் கரை, களை, எலி, பாஸம் (நம் பாசம் இல்லை, மரத்தை மொட்டையடிக்கும் பிராணி). யார் ஆற்றிலிருந்து எவ்வளவு உறிஞ்சலாம், யார் எதை ஆற்றில் விடலாம் என்ற கன்சென்ட் (அனுமதி) கொடுப்பதும் அவர்கள்தான், கொடுத்த பிறகு போய்ப் பார்ப்பதும் அவர்கள்தான்.

இது எப்படி வந்தது என்றால், 1989ல் மைக்கேல் பாஸெட் உள்ளாட்சி அமைச்சராக இருந்தபோது 800க்கும் மேலே இருந்த உள்ளாட்சி அமைப்புகளை ஒரே அடியாக 86ஆக்கினார்கள். துறைமுகத்துக்கு ஒரு வாரியம், வடிகாலுக்கு ஒரு வாரியம், ஒரு காலத்தில் முயலை ஒழிக்கக்கூட ஊருக்கு ஊர் தனி வாரியம் வைத்திருந்த நாடு இது. அப்போது ரீஜனல் கவுன்சில் எல்லைகளைப் பெரும்பாலும் ஆற்றின் நீர்ப்பிடிப்பைப் பார்த்துப் போட்டார்கள். மலை முகட்டில் பெய்த மழை இந்தப் பக்கம் வழிந்தால் இந்தக் கவுன்சில், அந்தப் பக்கம் வழிந்தால் அந்தக் கவுன்சில். 1991ல் வள மேலாண்மைச் சட்டம் வந்தது, சுற்றுச்சூழலின் நிலையைக் கண்காணிப்பது அதன் 35ஆம் பிரிவில் கடமையாகவே எழுதப்பட்டது.

இந்த எல்லை விஷயம் எனக்கு ஏன் பெரிதாகப் படுகிறது என்றால் நான் பிறந்தது நொய்யல் காவிரியில் சேரும் பக்கம். கோவையில் நல்ல தண்ணீராகப் புறப்பட்டு, திருப்பூரில் சாயத்தைக் குடித்து, ஒரத்துப்பாளையம் அணையில் நின்று, எங்கள் பக்கம் வரும்போது அதை ஆறு என்று சொல்ல வாய் வராது. நாலு மாவட்டம், ஒவ்வொன்றும் மேலே கை காட்டும். கடைசியில் 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. ஒரு ஆற்றுக்கு ஒரே அலுவலகம் என்று இங்கே முதல் நாள் பயிற்சியில் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த பதினோரு பேரில் வாயைப் பிளந்தது நான் மட்டும்தான்.

27 நவம்பர்

திருத்தம். நேற்று கேள்வி கேட்டவரும் நானும் அவசரப்பட்டுவிட்டோம். செய்தியை முழுதாகப் படித்தேன். கவுன்சில்களை மூடப் போவதில்லை, இப்போதைக்குத் தூக்கப் போவது கவுன்சிலர்களை. மக்கள் வாக்களித்து வரும் ரீஜனல் கவுன்சிலர்களுக்குப் பதில் அந்த வட்டாரத்து மேயர்கள் ஒரு குழுவாக உட்கார்வார்கள். அப்புறம் இரண்டு வருடத்துக்குள் உள்ளாட்சிகளை எப்படி மாற்றியமைக்கலாம் என்று அவர்களே திட்டம் எழுதுவார்கள். இப்போது வந்திருப்பது யோசனைதான், பிப்ரவரி 20 வரை கருத்துச் சொல்லலாம்.

அப்படியானால் மாதிரி எடுக்கும் ஆள் அப்படியே இருப்பார், அவர் எழுதிக் கொடுத்த எண்ணை வாங்கும் நாற்காலியில் வேறு ஆள். இது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

27 நவம்பர், சற்று நேரம் கழித்து

"விளக்கத்துக்கு நன்றி சார்" என்று எழுதிய தம்பிக்கு: சார் இல்லை, அக்கா.

1 டிசம்பர்

"ஆற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்க ஒப்பந்தம் வேறு போடுவார்களா" என்று ஒருவர் சிரித்திருக்கிறார். நானும் சேர்வதற்கு முன் அப்படித்தான் நினைத்தேன்.

காலை ஆறரைக்கு வண்டி. பின்னால் சில்லி பின் (குளிர்ப்பெட்டி) இரண்டு, ஐஸ் நிரப்பி. பாட்டில்களில் பெயர், நேரம் எல்லாவற்றையும் காய்ந்த கையோடு கரையிலேயே எழுதிவிட வேண்டும், நனைந்த பாட்டிலில் எந்த மார்க்கரும் எழுதாது. மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நம் காலே கிளப்பிவிட்ட சேற்றை நாமே பிடிப்போம். என் முதல் மாதத்தில் அதைத்தான் செய்தேன். கூட வந்த மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் என் பாட்டிலை வாங்கிக் கவிழ்த்துவிட்டுப் புது பாட்டில் கொடுத்தார். ஈ.கோலி (தண்ணீரில் மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கிருமி) பார்க்கும் பாட்டில் கிருமி நீக்கியது, மூடியின் உட்புறத்தில் விரல் பட்டால் போச்சு. எடுத்தது 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்.

தெளிவை அளக்க ஒரு கருப்பு வட்டு. கம்பியில் மாட்டிய கருப்புத் தகடு, அவ்வளவுதான். அதைத் தண்ணீருக்குள் நட்டுவிட்டு, கண்ணாடி வைத்த ஒரு பெட்டியைத் தண்ணீரில் அமுக்கி அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர வேண்டும். வட்டு மறையும் தூரம் ஒன்று. திரும்பி முன்னால் வரும்போது மறுபடி தெரியும் தூரம் ஒன்று. இரண்டின் சராசரிதான் அன்றைய கணக்கு. கோடிக்கணக்கில் கருவி வைத்திருப்பார்கள் என்று நினைத்து வந்தவளுக்கு, குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே நடந்து கல் தடுக்கி உட்கார்ந்த அனுபவம் இரண்டு தடவை. ரப்பர் கால்சட்டைக்குள் ஜூலை மாதத் தண்ணீர் (இங்கே அது நடுக் குளிர்காலம்) புகுந்தால் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டாம்.

ஒரு இடத்துக்கு மாட்டுப் பண்ணை வழியாகத்தான் போக வேண்டும். மின்வேலியைத் தாண்ட ஒரு கைப்பிடி இருக்கும், அதன் ரப்பர் கிழிந்து கம்பி தெரியும். மூன்று வருடமும் அதை யாரும் மாற்றவில்லை, பண்ணைக்காரரிடம் சொன்னேன், மேலதிகாரியிடம் சொன்னேன், கடைசியில் என் சமையலறைக் கையுறையைக் கொண்டு போனேன்.

இதில் முக்கியமான விஷயம் தேதி. மாதத்துக்கு ஒரு நாள், முன்கூட்டியே குறித்த நாள். அன்று மழையா, வெயிலா, ஆறு செந்நிறமாக ஓடுகிறதா, பார்க்கக் கூடாது (வெள்ளம் ஆளை அடித்துப் போகும் அளவுக்கு இருந்தால் தவிர). நல்ல நாளாகப் பார்த்து எடுத்தால் ஆறு எப்போதும் நன்றாகவே இருக்கும். நாற்றம் அடிக்கிறது என்று புகார் வந்த நாளில் மட்டும் எடுத்தால் எப்போதும் நாறும். ஒரே இடம், ஒரே முறை, சொன்ன தேதி, இப்படியே பத்து இருபது வருடம் போனால்தான் ஆறு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு கோடு போட முடியும். நடுவில் யாராவது ஒரு வருடம் செலவைக் குறைக்கிறேன் என்று நிறுத்தினால் அந்த ஓட்டையை அப்புறம் எத்தனை பணம் கொட்டினாலும் அடைக்க முடியாது. போன மார்ச் மாதத் தண்ணீர் போன மார்ச்சிலேயே கடலுக்குப் போய்விட்டது.

2 டிசம்பர்

குளிக்கலாமா வேண்டாமா என்று கேட்ட நண்பருக்கு, கோடையில் வாராவாரம் எடுப்பது அதற்குத்தான். ஆற்றில் 100 மில்லிக்கு ஈ.கோலி 260க்குள் இருந்தால் சரி, 550ஐத் தாண்டினால் இறங்காதீர்கள், நடுவில் இருந்தால் ஜாக்கிரதை. ஆனால் ஆய்வகத்தில் கிருமி வளர்ந்து எண்ணிச் சொல்ல ஒரு நாள் ஆகும், நீங்கள் பார்க்கும் எண் எப்போதும் பழைய எண். அதனால் கனமழைக்கு அப்புறம் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். நாய் வைத்திருப்பவர்கள் கோடையில் ஆற்றங்கரைக் கற்களில் கருப்பாய்ப் படிந்து காய்ந்து கிடக்கும் பாசியை நெருங்க விடாதீர்கள். ஹட் ஆற்றில் அதைத் தின்று செத்த நாய்கள் உண்டு. அந்தப் பாசியின் வாடை நாய்க்குப் பிடிக்குமாம், அதற்கு என்ன செய்ய.

3 டிசம்பர்

பூச்சியை மறந்துவிட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை வலையை வைத்துக்கொண்டு மேல் பக்கத்துக் கற்களைக் காலால் கிளறுவோம். வலையில் விழும் புழு பூச்சிகளுக்கு மதிப்பெண். சுத்தமான தண்ணீரில் மட்டும் வாழும் மேஃப்ளை குஞ்சுகளுக்கு அதிக மதிப்பெண், சாக்கடையிலும் சொகுசாக இருக்கும் புழுவுக்குக் குறைவு. மொத்தத்தில் 120ஐத் தொட்டால் அருமையான ஓடை, 80க்குக் கீழே போனால் மோசம். தரனாக்கி ஓடைகளுக்காக ஜான் ஸ்டார்க் என்பவர் 1985ல் போட்ட கணக்கு, இன்று நாடு முழுக்க இதுதான். பாட்டில் அந்த ஒரு நொடியைச் சொல்லும். பூச்சி சில மாதங்களாக அங்கேயே குடியிருக்கிறது, அதற்குத் தெரியாமல் இரவில் யாரும் எதையும் திறந்துவிட முடியாது.

7 டிசம்பர்

"ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமா, அதனால் யாருக்கு என்ன லாபம்" என்ற கேள்விக்கு ஹேவ்லாக் நார்த் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஹாக்ஸ் பே பக்கம், சுமார் 14,000 பேர் இருக்கும் ஊர். 2016 ஆகஸ்ட் முதல் வாரக் கடைசியில் பேய்மழை. பக்கத்து மேய்ச்சல் நிலத்து ஆட்டுப் புழுக்கையைக் கழுவிக்கொண்டு போன தண்ணீர் ஒரு குட்டையில் சேர்ந்தது. அந்தக் குட்டைக்கும் ஊருக்குக் குடிநீர் எடுக்கும் ப்ரூக்வேல் சாலைக் கிணறுகளுக்கும் நிலத்துக்கடியில் தொடர்பு இருந்தது. குளோரின் கலக்காத தண்ணீர். ஆழத்துத் தண்ணீர் சுத்தமானது, மருந்து கலந்து கெடுப்பானேன் என்பது அந்தப் பக்கத்து மக்களின் பெருமை. ஒரு வாரத்தில் 5,500 பேருக்கு வயிறு போனது. பள்ளிகளை மூடினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில்.

அந்தக் கிணறு ஹேஸ்டிங்ஸ் மாவட்டக் கவுன்சிலுடையது. அது உறிஞ்சும் நிலத்தடி நீர் ஹாக்ஸ் பே ரீஜனல் கவுன்சிலின் பொறுப்பு. இது நடந்த பிறகு ரீஜனல் கவுன்சில் மாவட்டக் கவுன்சில் மேல் வழக்குப் போட்டது, கிணற்றைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று. அப்புறம் டிசம்பரில் வாபஸ் வாங்கியது. அரசு அமைத்த விசாரணைக் குழு இரண்டு பேரையும் விடவில்லை. நீ கிணற்றுத் தலையைக் கவனிக்கவில்லை, நீ கன்சென்ட் கொடுத்தாயே தவிர அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கவனிக்கவில்லை, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒழுங்காகப் பேசிக்கொள்ளவே இல்லை. இதுதான் சாரம். அதன் பிறகுதான் குடிநீருக்கென்று தௌமாதா அரோவை என்ற தனிக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021ல் வந்தது.

ஆறு மாதிரியே நிலத்தடி நீருக்கும் ஊர் எல்லை தெரியாது. குழாய்க்கு உள்ளே, குழாய்க்கு வெளியே என்று நான் முதல் குறிப்பில் அழகாகப் பிரித்தேனே, அந்தக் கோட்டில்தான் அந்த ஊர் விழுந்தது.

8 டிசம்பர்

5,500 என்பது அன்றைய மதிப்பீடு, பின்னால் வந்த ஆய்வில் கூடியது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். சரிதான். 6,260 முதல் 8,320 வரை என்றும், குறைந்தது நான்கு சாவுக்கு இது ஒரு காரணம் என்றும் பின்னர் கணக்கிட்டார்கள். ஊரில் பாதிக்குப் பாதி.

10 டிசம்பர்

அதே நண்பர், "உங்கள் கதையே உங்களுக்கு எதிராகப் போகிறது, இரண்டு கவுன்சில் இருந்ததால்தானே பேசிக்கொள்ளவில்லை, ஒன்றாக்கிவிட்டால் தீர்ந்தது" என்கிறார். இரண்டு நாளாக இதை யோசித்துக்கொண்டே சப்பாத்தி தேய்த்தேன்.

பாதி உண்மை. ஒன்றாக்கிய ஊர்களும் இங்கே உண்டு. நெல்சன்-மார்ல்பரோ ரீஜனல் கவுன்சிலை 1992லேயே கலைத்து, அந்த வேலையை மூன்று உள்ளூர்க் கவுன்சில்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஆக்லாந்து 2010ல் ஒன்றானது. வானம் இடிந்து விழவில்லை. கிஸ்போர்னும் ஒரே கவுன்சில்தான், அங்கே மலையில் பைன் மரம் வெட்டிவிட்டுப் போட்ட கழிவுக் கட்டைகள் 2018ல் வெள்ளத்தோடு டொலகா பேயில் வந்து குவிந்தன. கவுன்சில் மரக் கம்பெனிகளை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2023ல் கேப்ரியல் புயலில் மறுபடியும் கட்டை, மறுபடியும் கடற்கரை. ஆக, ஒரு கவுன்சிலா இரண்டா என்பதால் மட்டும் மலையில் கிடக்கும் கட்டை கீழே வராமல் இருந்துவிடாது. சின்ன ஊர், பெரிய நிலம், செலவுக்குக் கொஞ்சம் வரி, அதுவும் ஒரு காரணம்.

ஆனால் மேயர்கள் குழு என்பது ஒன்றாக்குவதும் இல்லை. எனக்கு உறுத்துவது என்ன என்று இப்போது பிடிபடுகிறது. ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரித்து ஆற்றிலோ கடலிலோ விடுவது யார், மேயரின் கவுன்சில். அதற்குக் கன்சென்ட் கொடுப்பது, மீறினால் நோட்டீஸ் அனுப்புவது யார், ரீஜனல் கவுன்சில். நான் மாதிரி எடுத்த இடங்களில் இரண்டு, அப்படி ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய்க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே எடுத்த பாட்டிலுக்கும் கீழே எடுத்த பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசத்தை மேயர்களே மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாங்கிப் பார்க்கப் போகிறார்கள் என்றால், வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அதுதான்.

10 டிசம்பர், இரவு

மேயர்களை ஓணான் என்று சொல்லிவிட்டதாக ஒருவருக்கு வருத்தம். பழமொழி ஐயா. எனக்குத் தெரிந்த ஒரு மேயர் வெள்ளத்தன்று முழங்கால் தண்ணீரில் மண் மூட்டை தூக்கினார், நானே பார்த்தேன். ஆள் நல்லவரா என்பது வேறு கேள்வி.

20 டிசம்பர்

நைட்ரேட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் தோழி ஒருத்தி ஊருக்கு வெளியே பத்து ஏக்கர், சொந்தக் கிணறு. அந்தத் தண்ணீரைப் பரிசோதித்தே பார்த்ததில்லை, ஐந்து வருடம். போன வருடம் வயிற்றில் பிள்ளை வந்ததும்தான் கொடுத்தாள். லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் கணக்கில்). குடிநீர்ச் சட்டப்படி 11.3 வரை சரி. ஆற்றில் வாழும் உயிர்களுக்காக, இதைத் தாண்டக் கூடாது என்று 2020ல் போட்ட தேசிய எல்லை 2.4. "மீன் குடிக்கக் கூடாததை நான் எப்படிக் குடிப்பது" என்று கேட்டாள். இரண்டும் வேறு வேறு கணக்கு என்று விளக்கினேன். 11.3 என்பது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையாமல் இருக்கப் போட்ட எல்லை, 2.4 தண்ணீருக்குள்ளேயே வாழ்கிறவற்றுக்கு. என் விளக்கம் முடிவதற்குள் அவள் வடிகட்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டாள்.

நிறையப் பேருக்குத் தெரியாதது: சொந்தக் கிணற்றைப் பரிசோதிப்பது சொந்தக்காரர் பாடு. கவுன்சில் தன் கண்காணிப்புக் கிணறுகளைத்தான் அளக்கும். அதிலும் இன்று வரும் நைட்ரேட் இன்று போட்ட உரத்திலிருந்தும் மாட்டு மூத்திரத்திலிருந்தும் வந்ததாக இருக்க வேண்டியதில்லை, பல வருடத்துக்கு முன் இறங்கியது இப்போது எட்டிப் பார்க்கலாம்.

கேன்டர்பரியில் இந்த செப்டம்பரில் ரீஜனல் கவுன்சில் "நைட்ரேட் நெருக்கடி" என்று அறிவித்தது, 9க்கு 7 வாக்கு. அறிவித்தவுடன் தண்ணீரில் ஒரு துளி குறையாது என்பது எனக்கும் தெரியும், வெற்று அரசியல் என்று திட்டியவர்களும் உண்டு. ஆனால் வருடக்கணக்காக யாரோ கிணற்றில் இறக்கிய குழாயில் வந்த எண்கள் பதினாறு பேரை மேசையைச் சுற்றிச் சண்டை போட வைத்தன. அந்தப் பதினாறு நாற்காலியைத்தான் எடுக்கப் போகிறார்கள். அந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 2010ல் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களை அனுப்பிவிட்டு அரசே ஆணையர்களை உட்கார வைத்தது, தண்ணீர் விவகாரத்தைக் காரணம் காட்டி. 2016ல் பாதி தேர்தல், 2019ல்தான் முழுத் தேர்தல்.

இப்படி வீராவேசமாக எழுதிவிட்டு ஒரு உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்டோபர் தேர்தலில் என் ரீஜனல் கவுன்சிலருக்கு நான் வாக்களிக்கவில்லை. அஞ்சலில் வந்த வாக்குச்சீட்டு உறையைக் குளிர்சாதனப் பெட்டி மேல் காந்தத்தில் மாட்டி வைத்தேன், கடைசித் தேதி போன பிறகு அதன் பின்பக்கம் மளிகைப் பட்டியல் எழுதினேன். அங்கே வேலை பார்த்தவளே இப்படி. நாட்டில் பத்துப் பேரில் நாலு பேர்தான் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கிறார்கள், அதில் ரீஜனல் கவுன்சிலர் பெயர் தெரிந்து குறித்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் கேள்வி கேட்டவரின் பக்கம் நியாயம் இருக்கிறது. யாருக்கும் தெரியாத ஆளை நீக்கினால் யார் அழப் போகிறார்கள்.

16 ஜனவரி 2026

பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும். இப்போது வீட்டுக் கதை.

கொடுமுடியிலிருந்து என் மாமியார் வந்திருக்கிறார். போகியன்று விடிகாலை நாங்கள் எழுவதற்குள் பின்கட்டில் பழைய கால்மிதி, பிய்ந்த கூடை, ஒரு பிளாஸ்டிக் துடைப்பம் எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்திவிட்டார். இங்கே ஜனவரி நடுக் கோடை. கரும்புகை பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணி மேல் போய் உட்கார்ந்தது. அவர்கள் போன் போட்டுவிட்டார்கள்.

பத்து மணிக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள், கவுன்சில் சட்டை, கையில் டேப்லெட். இதில் என்ன வேடிக்கை என்றால், புகை என் வேலியைத் தாண்டிப் போனது காற்றில் கழிவு விட்ட குற்றம், அது ஒரு கவுன்சில். அண்டை வீட்டாருக்குத் தொல்லை என்பது இன்னொரு கவுன்சில். கோடைத் தடைக் காலத்தில் நெருப்பு மூட்டியது தீயணைப்புத் துறை. ஒரு கால்மிதிக்கு மூன்று அலுவலகம். முதலில் போன் எடுத்தவர் இரண்டாமவருக்குத் தள்ளி, அவர் மூன்றாமவருக்குத் தள்ளி, திரும்ப முதலாமவருக்கே வந்திருக்கிறது, அந்தப் பெண்ணே சிரித்துக்கொண்டு சொன்னாள். பிளாஸ்டிக் எரிக்கக் கூடாது என்று எழுத்தில் எச்சரிக்கை, அபராதம் இல்லை. அத்தை ஒரு தட்டு முறுக்கு நீட்டினார். வாங்கக் கூடாது என்று விதி என்றாள். அத்தைக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. "ஊரே கொளுத்துற அன்னைக்கு அங்க ஒருத்தன் வந்து கேட்டதில்ல, இங்க வந்து கேட்ட புள்ள ஒரு முறுக்கு எடுக்க மாட்டேங்குது."

சென்னையில் போகியன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றை அளக்கிறது அத்தை என்றேன். அளந்து? என்றார். என்னிடம் பதில் இல்லை.

17 ஜனவரி

"அளந்து?" தான் இந்த இழையின் தலைப்பாக இருந்திருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். சரிதான், இனி மாற்ற முடியாது.

அளந்து என்ன ஆனது என்பதற்குக் காற்றிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2004ல் வந்த விதி: நுண்துகள் ஒரு நாள் சராசரி கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, வருடத்தில் ஒரே ஒரு நாள் தாண்டலாம். கிறைஸ்ட்சர்ச், டிமாரு மாதிரி ஊர்களில் குளிர்கால இரவில் வீட்டு விறகடுப்புப் புகை பள்ளத்தில் தேங்கிப் பல நாள் தாண்டியது. அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் திறந்த அடுப்புக்குத் தடை, பழைய அடுப்பை மாற்று என்றெல்லாம் சொன்னார்கள். குளிரில் நடுங்கும் வயதானவரிடம் அடுப்பை மாற்று என்று சொல்லும் கவுன்சிலருக்கு எவ்வளவு வசவு விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதை வாங்க ஒரு ஆள் வேண்டும். வசவு வாங்குவதும் ஒரு வேலைதான்.

19 பிப்ரவரி

நாளை கடைசி நாள். ஒரு வழியாக என் கருத்தை எழுதி அனுப்பிவிட்டேன். நாலு பக்கம் எழுதி ஒரு பக்கமாக வெட்டினேன். மூன்றே விஷயம் கேட்டிருக்கிறேன். கண்காணிப்பு இடங்களின் பட்டியலையும் அதற்கான பணத்தையும் மேயர்கள் குழு நினைத்த வருடம் வெட்ட முடியாதபடி தனியே பூட்டி வையுங்கள். தன் ஊர்ச் சாக்கடைக் கன்சென்ட் வரும்போது அந்த மேயர் எழுந்து வெளியே போக வேண்டும். எண்கள் வந்த அன்றே மக்கள் பார்க்கும்படி வெளியே வர வேண்டும், குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்கக் கூடாது.

கவுன்சிலர்களை வைத்திருங்கள் என்று எழுதவில்லை. எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மளிகைப் பட்டியல் நினைவு வந்து அழித்துவிட்டேன்.

வள மேலாண்மைச் சட்டத்துக்குப் பதிலாக டிசம்பரில் வைத்த இரண்டு மசோதாக்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டவருக்கு: அதற்குத் தனி இழை திறவுங்கள், இங்கே மாமியார் வரை வந்துவிட்டோம்.

22 பிப்ரவரி

நேற்று அத்தையை அழைத்துக்கொண்டு என் பழைய ஆற்றுப் பக்கம் போனேன், எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாலத்தடியில் கவுன்சில் வண்டி. சனிக்கிழமையில் எதற்கு என்று பார்த்தால், வெள்ளியன்று எடுக்க முடியாததை எடுக்க வந்திருக்கிறான், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பையன். பெட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வருகிறான். அத்தை, "என்ன தொலைச்சுட்டான்?" என்றார்.

கரையேறியதும் பேசினேன். கருப்பு வட்டு ஒன்றேமுக்கால் மீட்டர், பிப்ரவரிக்குக் கொஞ்சம் குறைவு. மேலே பண்ணை வழியாகப் போகிற அடுத்த இடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மின்வேலிக் கைப்பிடியில் ஜாக்கிரதை, ரப்பர் கிழிந்திருக்கும் என்றேன்.

தெரியும், போன மாதம் பிடித்துவிட்டேன் என்று இடது உள்ளங்கையைக் காட்டினான்.